நிதிக்கு முன் கணக்கறிக்கை

வணக்கம். காரைநகரில் மழைநீர்த் தாங்கி கட்டுவதற்காக உங்கள் சனசமூக நிலையம் அனுப்பிய விண்ணப்பம், கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கை இல்லையென்று திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். அடுத்த நிதியத்தைத் தேடுவதற்கு முன்னர் அந்தக் குறையைத் தீர்த்துவிடுங்கள். ஏனெனில் எங்கு விண்ணப்பித்தாலும் பதிவுச் சான்றிதழ், யாப்பு (நிலையத்தின் எழுதப்பட்ட விதிகள்), நிலையத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, கடந்த ஆண்டுகளின் வரவு செலவு ஆகியவற்றையே முதலில் பார்ப்பார்கள்.

யப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நன்கொடைத் திட்டத்தைப் பலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். பெருந்தொகை வழங்கும் அத்திட்டம், முன் அனுபவமுள்ள அமைப்புகளுக்கே ஏற்றது. ஒரு தாங்கிக்கு அது மிகப் பெரிது என்பது என் எண்ணம். 1992இல் தொடங்கி, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தினூடாக நடைபெறும் உலகச் சுற்றாடல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் ஊர்மட்ட அமைப்புகளுக்கே நேரடியாக நிதி வழங்குவதால், உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆயினும் அங்கே ‘குடிநீர் இல்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. கிணறுகள் உவராவதையும், மழைநீரைச் சேமிப்பதால் நிலத்தடி நீர் இறைப்பு எவ்வளவு குறையும் என்பதையும் விளக்க வேண்டும்.

மூன்று விலைமனுக்களையும், காணி உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் இப்போதே பெற்றுவைத்திருங்கள். காணிச் சம்மதம்தான் எங்கள் ஊரில் மாதக்கணக்கில் இழுபட்டது.