ஆள் ஊரில் இல்லாத நாளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு வயது 28. திருச்செங்கோடு பக்கம் கிராமம். கல்யாணமாகி நான்கு வருடம் முடிந்துவிட்டது. கணவருக்கு 33 வயது. போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விடுவார். மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் வீட்டில் இருப்பார். பொங்கலுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் பத்துப் பத்து நாள் வருவார். எனக்கு மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒரு தடவைதான். நீர்க்கட்டி என்று சொல்லி ஏழு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தடவை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டியூப் டெஸ்டும் எடுத்தாயிற்று, இரண்டு டியூபும் திறந்திருக்கிறதாம். அவருக்கு இதுவரை ஒரு டெஸ்டும் எடுக்கவில்லை. "வாட்டசாட்டமாத்தான இருக்கான், அவனுக்கென்ன குறை" என்கிறார் மாமியார். இப்போது நேராக டெஸ்ட் டியூப் பண்ணிவிடலாம், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மணி, முதலில் தோட்டத்துப் பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். அதைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பாதிக்குச் செலவே கிடையாது.

நான்கு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மழைக்காலத்தில் 45 நாள், பொங்கலுக்கு 10, நோம்பிக்கு 10. வருடத்துக்கு 65 நாள். நான்கு வருடத்துக்கு 260 நாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தது 9 மாதம்கூட இல்லை. தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்ற பேச்சையே நாங்கள் எடுப்போம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். உங்கள் கணக்கில் அந்த ஒரு வருடமே இன்னும் நிறையவில்லை.

அதிலும் எல்லா நாளும் கணக்கில் வராது. கருமுட்டை வெளியே வந்தால் அதற்கு ஆயுள் ஒரு நாள், அவ்வளவுதான். விந்தணு உள்ளே போனால் ஐந்து நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஆக, ஒரு சுற்றில் கரு தங்க வாய்ப்புள்ளது ஆறு நாள். அது எந்த ஆறு நாள்? 14ஆம் நாள் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 28 நாளுக்கு ஒரு தடவை விலக்காகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். முட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். உங்களுக்கு 45 நாள் சுற்று என்றால் 31ஆம் நாள் வாக்கில் வரும். 26இலிருந்து 31 வரைக்கும்தான் உங்கள் நாட்கள். நோம்பிக்கு அவர் வந்தது உங்களுக்கு 8ஆம் நாள், கிளம்பியது 18ஆம் நாள் என்று வையுங்கள். அந்தப் பத்து நாளும் கணக்குக்கே வரவில்லை. இப்படிப் பார்த்தால் நான்கு வருடத்தில் ஆறேழு வாய்ப்பு கிடைத்திருந்தாலே அதிகம். மாதம் தவறாமல் விலக்காகிற ஒரு பெண்ணுக்கு, கணவர் கூடவே இருந்தால், ஒரே வருடத்தில் 12, 13 வாய்ப்பு கிடைக்கும். அப்படி இருக்கிற 100 ஜோடியில் 80க்கு மேல் ஒரு வருடத்துக்குள் உண்டாகிவிடுகிறார்கள். உங்களை அவர்களோடு சேர்த்து வைத்து "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்பது நியாயமே இல்லை.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஏழு மாதம் முட்டை வளர மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏழு மாதத்தில் ஆள் ஊரில் இருந்தது எத்தனை நாள் என்று யாராவது கேட்டார்களா? முட்டை நன்றாக வளர்ந்து வெடித்தே இருக்கலாம். அன்றைக்கு அவர் சத்தீஸ்கரில் 600 அடி ஆழத்துக்குக் குழாய் இறக்கிக்கொண்டிருந்தால் மாத்திரை என்ன செய்யும்? மருந்து தோற்றுவிட்டது என்று சொல்லி அடுத்து டெஸ்ட் டியூப் என்கிறார்கள். மருந்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

சரி, உங்கள் கணவர் பக்கம் வருவோம். குழந்தைக்காக வருகிற ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது குறை இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் குறையோடு சேர்ந்தோ. உங்கள் ஊர் மலைமேல் இருக்கிற சாமியே பாதி ஆண், பாதி பெண். கீழே ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு பாதியைத்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், சுத்தம் செய்வது என்று எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்குச் செய்ய வேண்டிய விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. செலவும் உங்கள் ஒரு மாத்திரைச் சீட்டை விடக் குறைவு. வாட்டசாட்டம், மீசை, தாம்பத்தியத்தில் வேகம், இது எதற்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. மூட்டை தூக்குகிறவருக்கு அணு பூஜ்யமாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன், ஒல்லிப்பிச்சானுக்குக் கோடிக்கணக்கில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். லேப்பில் தருகிற டப்பாவில்தான் எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் ஆணுறையில் எடுத்தால் அதிலுள்ள பூச்சு அணுவைக் கெடுத்துவிடும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்க்க வேண்டும். வரும் வழியில் டப்பா உடம்புச் சூட்டில், சட்டையின் உள்பையில் இருக்கட்டும். ஒரு சித்திரை மாதத்தில் ஒரு லாரிக்காரர் டப்பாவை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு, வழியில் டீ குடித்து, டயருக்குக் காற்றடித்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அணுக்கள் ஒன்றுகூட அசையவில்லை என்று ரிப்போர்ட். அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். மறுமுறை ஒழுங்காக எடுத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சரியில்லை என்று வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு தடவை பார்ப்போம்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கக் கொஞ்சம் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த அளவுப்படி, விந்து 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணு, அசைகிறவை 42 சதவீதம், நல்ல வடிவத்தில் 4 சதவீதம். இவை கீழ் எல்லை. நல்ல வடிவம் 4 சதவீதம்தான் என்றதும் "96 சதவீதம் கெட்டுப்போச்சே" என்று கேட்காதவர் இல்லை. எல்லா ஆண்களுக்கும் பெரும்பகுதி அணு கோணல் மாணலாகத்தான் இருக்கும். அது இயற்கை.

இனி தம்பிக்குச் சில வார்த்தை. இந்தப் பகுதியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

தம்பி, அடுத்த நோம்பி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ராய்ப்பூரோ ஜபல்பூரோ, வண்டி எந்த ஊர்ப் பக்கம் நின்றாலும் நல்ல லேப் இருக்கும், அங்கேயே டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பலாம். விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே அவற்றுக்கு உடம்பை விட இரண்டு, மூன்று டிகிரி குளிர்ச்சி வேண்டும் என்பதுதான். நாள் முழுக்க இன்ஜின் சூட்டுப் பக்கம் வேலை, இறுக்கமான ஜீன்ஸ், ராத்திரி முழுக்க கேபினில் பயணம் என்றால் கொஞ்சம் பாதிக்கத்தான் செய்யும். பீடி, சிகரெட், வாயில் அடக்குகிற புகையிலை, தினசரி குடி எல்லாமே எண்ணிக்கையைக் குறைக்கும். ஒரு புதிய அணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். சித்திரையில் சிகரெட்டை விட்டால் ஆடியில்தான் ரிப்போர்ட்டில் தெரியும், அதுவரைக்கும் பொறுமை வேண்டும். விதைப்பையில் கயிறு முறுக்கின மாதிரி நரம்பு புடைத்திருந்தால் அது வெரிகோசில். எண்ணிக்கையும் குறைந்திருந்தால் சின்ன ஆபரேஷன் உதவலாம். வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்து விதை வீங்கியிருந்தாலோ, சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்தாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஜிம்மில் யாராவது "ஆம்பளை ஊசி" என்று டெஸ்டோஸ்டிரோன் போட்டால் பக்கத்திலேயே போகாதீர்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது அல்லவா, அப்படித்தான் அதுவும். ஹார்மோன் வெளியிலிருந்து கொட்டினால் மூளை "போதும்" என்று விதைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடும், அணு உற்பத்தி நின்றுபோகும். நிறுத்தியபின் திரும்ப வர மாதக்கணக்காகும்.

ஒருவேளை பூஜ்யம் என்றே வந்தாலும் கதை அதோடு முடியவில்லை. வழியில் அடைப்பா, உற்பத்தியிலேயே குறையா என்று ரத்தத்தில் ஹார்மோன் பார்த்துச் சொல்லலாம். அடைப்பு என்றால் விதையிலிருந்தே ஊசியால் அணுவை எடுத்து, முட்டைக்குள் நேராகச் செலுத்துகிற இக்ஸி முறை இருக்கிறது.

அம்மணி, இப்போது உங்கள் பக்கம். நீர்க்கட்டி என்ற பெயரே பாதிப் பயத்தைக் கொடுக்கிறது. அது வெட்டி எடுக்க வேண்டிய கட்டி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும், அதில் ஒன்று முந்திக்கொண்டு முதிர்ந்து வெடிக்கும். உங்களுக்குச் சில சுற்றில் எல்லாமே பாதியில் நின்றுவிடலாம், பூக்கும் முன்னால் நின்றுபோன வெள்ளாமை மாதிரி. அந்தச் சின்னப் பைகள்தான் ஸ்கேனில் பாசிமணியாகத் தெரிகின்றன. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை மூன்றையும் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்காவிட்டால் பாருங்கள். எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிவர ஆரம்பிக்கிறது. 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. இட்லியை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆறில் மூன்றைக் குறைத்து, சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் போதும்.

முட்டை வளர மாத்திரை என்று வந்தால் லெட்ரோசோல்தான் முதலில். விலக்கான இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் தொடங்கி ஐந்து நாள், அப்புறம் முட்டை வளர்ச்சி ஸ்கேன். டாக்டர் மேற்பார்வையில்தான், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. அவர் ஒன்றரை மாதம் வீட்டில் இருக்கிற மழைக்காலத்துக்குச் சரியாக அதைப் பொருத்த வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அது வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதம் விலக்கே வராமல் போனால் சும்மா இருக்காதீர்கள், கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துவிடும். காரணமில்லாமல் இன்னொரு முறை "சுத்தம்" செய்வதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சுரண்டச் சுரண்ட உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதிருந்தே தொடங்கலாம்.

விலக்கின்போது தாங்க முடியாத வலி, தாம்பத்தியத்தில் வலி இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்கிற நோய், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது டிபி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் நாட்டில் டியூபைக் கெடுப்பதில் டிபிக்குப் பங்கு உண்டு. உங்களுக்கு டியூப் திறந்திருப்பதால் இதில் அதிகம் நிற்க வேண்டாம்.

அவரால் சமயத்துக்கு வரவே முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் ஒரு கேன் கொண்டுவருவாரே, திறந்தால் புகை வருமே, அதே சங்கதிதான். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் அணுவை உறையவைப்பது. உவமைக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் பக்கத்தில் இதைச் சொன்னால்தான் உடனே புரிகிறது. ஊரில் இருக்கும்போது அவர் விந்தைக் கொடுத்து, எழுத்து மூலம் சம்மதம் தந்துவிட்டுப் போனால், உங்களுக்கு முட்டை வெடிக்கிற நாளில் அதைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தலாம். இதுதான் ஐ.யு.ஐ. ஒரு முறையிலேயே பலித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பல பேருக்கு மூன்று, நான்கு முறை ஆகும். உறையவைத்ததில் கொஞ்சம் வீரியம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெஸ்ட் டியூப் முறை, அதாவது ஐ.வி.எஃப்., கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு டியூபும் அடைத்திருந்தால், அணு மிகக் குறைவாக இருந்தால், வயது கூடிவிட்டால், மற்றதெல்லாம் முறையாகச் செய்தும் பலிக்காவிட்டால் அதுதான் வழி. 28 வயதில், டியூப் திறந்திருக்கையில், கணவருக்கு ஒரு டெஸ்ட்கூட எடுக்காமல் அதற்குப் போவது அவசரம். பிறகு போவதாக இருந்தாலும், 2021இல் வந்த சட்டப்படி பதிவு பெற்ற இடமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். "ஆண் குழந்தையாகவே தருகிறோம்" என்று யாராவது காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1994ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம்.

முதல் பரிசோதனைகளுக்கு நாமக்கல்லிலோ பெருந்துறையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். போகும்போது டியூப் எக்ஸ்ரேயின் படத்தையே கொண்டுபோங்கள், எழுதின தாள் மட்டும் போதாது. கணவரின் ரிப்போர்ட்டும் வேண்டும். அப்புறம் மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் விலக்கான நாளைச் சிவப்பிலும், அவர் வந்த நாள், கிளம்பிய நாளை நீலத்திலும் வட்டம் போட்டு அதையும் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் கேட்டால் அந்தக் காலண்டரை அவரிடமும் விரித்துக் காட்டுங்கள்.