சிறுநீரிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்தல்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சில கேள்விகள்

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீனவர்களிடம் காலைச் சிறுநீரைச் சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து இராமநாதபுரம் கொண்டுவருகிறோம். எல்லா வீடுகளையும் முடித்து வந்துசேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. எந்தப் பிரித்தெடுப்பு கிட் வாங்கினால் நல்ல ஆர்.என்.ஏ. கிடைக்கும்?
(ஆய்வு மாணவி, மண்டபம்)

கிட்டைப் பற்றிய கவலையை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் வரும் ஆர்.என்.ஏ.வில் ஒரு பகுதி சிறுநீரகத்திலிருந்தும் சிறுநீர்ப்பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்களுக்குள்ளும், இன்னொரு பகுதி எக்சோசோம் போன்ற நுண்பைகளுக்குள்ளும் இருக்கிறது. வெளியே மிதப்பதைச் சிறுநீரிலேயே உள்ள ஆர்.என்.ஏஸ் நொதிகள் விரைவாகச் சிதைத்துவிடுகின்றன. உதிர்ந்த செல்களும் நேரம் செல்லச் செல்ல உடைவதால், சிறுநீர் கழித்ததிலிருந்து, சுழற்றி அடியில் சேரும் செல் படிவு, செல்களை உடைத்து நொதிகளை முடக்கும் குவானிடின் கரைசலில் கரையும் வரையுள்ள இடைவெளிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அது இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பது நல்லது. ஐஸில் வைத்தால் நான்கு மணி நேரம் வரை சமாளிக்கலாம்.

எனவே மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதைவிட, மாதிரியை வேகமாகச் சுழற்றும் சிறிய சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தை மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ கொண்டுபோவதே மேல். அங்கேயே சுழற்றி, மேல்நீரை வடித்து, படிவைக் கரைசலில் கரைத்துவிட்டால் நொதிகள் செயலிழந்துவிடும். அதன்பின் ஐஸில் வைத்து மாலைக்குள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குக் கொண்டுவந்தால் போதுமானது. மீன் கம்பெனிகளில் கிடைக்கும் ஐஸைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அது உருகிய நீர் குழாய் மூடியைத் தொடாதபடி இரட்டை உறையில் வையுங்கள். குளிர் அதிகம் வேண்டுமென்று அதில் உப்பைத் தூவாதீர்கள். உப்பிட்ட ஐஸ் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். சிறுநீர் அப்படியே உறைந்தால் செல்கள் வெடித்து, பாதுகாக்க நினைத்த ஆர்.என்.ஏ. நொதிகளின் நடுவே கொட்டிவிடும்.

சுழற்றியபின் அடியில் வெண்மையாக, சில மாதிரிகளில் செங்கல் நிறத்தில், தடிமனான படிவு வருகிறது. இவ்வளவு படிவு இருந்தும் ஆர்.என்.ஏ. மிகக் குறைவாக இருப்பது ஏன்?
(ஆய்வக நுட்பநர், இராமநாதபுரம்)

நீங்கள் காண்பது பெரும்பாலும் செல் அல்ல, உப்பு. வெயிலில் உழைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிப்பவரின் சிறுநீர் அடர்த்தியானது. அதை ஐஸில் வைத்தவுடன் யூரேட்டும் பாஸ்பேட்டும் படியத் தொடங்கும். செங்கல் நிறம் யூரேட்டுக்கும், அமிலத்தன்மை குறைந்த சிறுநீரில் தோன்றும் வெண்மை பாஸ்பேட்டுக்கும் உரியவை. நோயில்லாத ஓர் ஆணின் செல் படிவோ 50 மில்லி குழாயின் கூம்பு முனையில் ஊதினால் கலையும் மங்கலான பூச்சாகவே இருக்கும், சில வேளைகளில் கண்ணுக்கே தெரியாது. அதனால் மேல்நீரை ஒரே சீரான சாய்வில் ஊற்றி, கடைசி அரை மில்லியை விட்டுவைத்து, குளிர்ந்த பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புத் தாங்கல் கரைசல்) சேர்த்துக் கழுவி மறுபடி சுழற்றுங்கள். பாஸ்பேட்டை, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைக்கும், யூரேட் சிறிது வெதுவெதுப்பிலேயே கரைந்துவிடும். கழித்த உடனேயே சுழற்ற வசதியிருந்தால், ஐஸில் வைக்காமலே சுழற்றுவது இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கும்.

பெண்களின் மாதிரிகளில் தடித்த படிவு வந்தால் வேறொன்றையும் பாருங்கள்: தோல் செல்களும் பாக்டீரியாவும் கலந்திருக்கலாம். முதலில் வருவதை விட்டு இடைச் சிறுநீரைப் பிடிக்கும் முறையைப் பெண் ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினால் இது பெரிதும் குறையும்.

எங்கள் சென்ட்ரிஃபியூஜில் நிமிடச் சுழற்சி மட்டுமே தெரிகிறது. கட்டுரைகளிலோ 2000 ஜி (புவியீர்ப்பைப் போல் 2000 மடங்கு விசை) என்று இருக்கிறது. எப்படி மாற்றுவது?
(முதுகலை மாணவர், தொண்டி)

சுழலியின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதைச் சுழற்சி எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, பின் 0.00001118-ஆல் பெருக்குங்கள். ஆரம் 15 செ.மீ. என்றால் 3500 சுழற்சியில் ஏறத்தாழ 2050 ஜி கிடைக்கும். செல் படிவுக்கு அது போதும். நுண்பைகளுக்கு ஒரு லட்சம் ஜி அளவில் சுழற்றும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் வேண்டும்.

ஆர்.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவீட்டில் 260/280 நானோமீட்டர் விகிதம் 1.6, 260/230 விகிதம் 0.4 என்று வருகிறது. இதை வைத்து பி.சி.ஆர். (மரபணுப் பகுதியைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) செய்யலாமா?
(அதே மாணவர்)

செய்து பார்க்கலாம். குவானிடின் எச்சம் 230 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சுவதால் இரண்டாம் விகிதம் சரிகிறது, ஆர்.என்.ஏ. குறைவாக இருக்கும்போது சிறிய எச்சமும் எண்ணைப் பெரிதாகக் கெடுக்கும். எத்தனால் கழுவலை ஒருமுறை கூட்டுங்கள், அளவை, ஆர்.என்.ஏ.வோடு ஒட்டும் சாயத்தின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரோமீட்டரில் பாருங்கள். சிறுநீர் ஆர்.என்.ஏ. ஓரளவு சிதைந்தே வரும் என்பதால் 70 முதல் 100 கார இணை நீளமுள்ள குறும்பகுதிகளைப் பெருக்கும் பிரைமர்களே பொருத்தமானவை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியைச் சேர்ப்பதையும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயையும் விட்டுவிடாதீர்கள், சிறுநீரில் டி.என்.ஏ.வும் இருப்பதால், அந்தக் கட்டுப்பாட்டுக் குழாய் இல்லாமல் வரும் முடிவை நான் ஏற்கமாட்டேன். சிறுநீரக மாற்று நோயாளிகளின் சிறுநீர்ச் செல்களில் சி.டி.3 எப்சிலான், ஐ.பி.-10 ஆகிய நோயெதிர்ப்பு மரபணுக்களின் எம்.ஆர்.என்.ஏ.வை, எல்லாச் செல்களிலும் உள்ள 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ.வுடன் ஒப்பிட்டு உறுப்பு நிராகரிப்பைக் கண்டறியும் பன்மைய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அப்படித் தக்க மரபணுவோடு ஒப்பிடாமல், ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதினால், அன்று அவர் குடித்த தண்ணீரின் அளவைத்தான் நீங்கள் அளந்ததாக ஆகும்.

குவானிடின் கரைசல் மேசையில் சிந்தினால் ப்ளீச் ஊற்றித் துடைக்கலாமா?
(ஆய்வக உதவியாளர், கீழக்கரை)

கூடவே கூடாது. அதிலுள்ள குவானிடின் தயோசயனேட்டுடன் ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயுக்கள் உண்டாகும். முதலில் சோப்புக் கரைசலும் தண்ணீரும் கொண்டு முழுவதும் துடைத்தெடுத்து, அதன்பின் தேவையானால் மட்டும் நீர்த்த ப்ளீச்சால் துடையுங்கள். கழிவுக் குடுவைகளையும் தனித்தனியே வைத்து, எது எதற்கென்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாலையில் அவற்றைக் கழுவ வருபவர் படிக்கும்படி அது இருக்க வேண்டும்.