வெப்பமில்லாமல் கூந்தலில் அலைகள் வருமா?

பின்னலோடு தூங்கி எழுந்தால் முடி அலை அலையாக வருமா, வந்தாலும் ஏன் சீக்கிரம் கலைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் விடுபடும். காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் இணையும். ஆகவே காரியமெல்லாம் காய்வதில்தான் இருக்கிறது. சொட்டச் சொட்டப் பின்னினால் விடிந்த பிறகும் பின்னலின் உட்புறம் ஈரமாகவே இருக்கும். அவிழ்த்ததும் அலை தொய்ந்துவிடும். முக்கால்வாசி உலர்ந்தபின் பின்னுங்கள். ஒற்றைப் பின்னல் தளர்வான அலை தரும். நான்கைந்து சிறு பின்னல்கள் என்றால் நெருக்கமாக விழும். இறுக்கிப் பின்னாதீர்கள், வேர்தான் வலிக்கும். அவிழ்த்தபின் சீப்பு வேண்டாம், விரல்களால் கோதினால் போதும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அதே பிணைப்புகள் மறுபடி விடுபடும். ஹேர் ஸ்பிரே ஓரளவுதான் தாங்கும்.