ட்யூஷனுக்கு முன்னால் மதுரைக்கு ஒரு போன்

"திருமங்கலத்திலிருந்து மான்செஸ்டருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பையன் இயர் ஃபைவ். சயின்ஸுக்குப் புத்தகம் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஊரில் ஒரு வாத்தியாரை வைத்து ஆன்லைனில் ட்யூஷன் ஏற்பாடு செய்யலாமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் தம்பி. அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள், ஆகஸ்டில் ஊருக்கு டிக்கெட் போட உதவும். ஏன் ஆகஸ்ட் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பரீட்சை விஷயம். இங்கே இயர் ஸிக்ஸில் எழுதும் சாட்ஸ் தேர்வு ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மட்டும்தான். சயின்ஸில் பிள்ளை எப்படி என்பதை வகுப்பு ஆசிரியரே மதிப்பிட்டுக்கொள்வார். பெரிய தேர்வு என்றால் அது பதினாறு வயதில் வரும் ஜிசிஎஸ்இ. அதற்கு இன்னும் ஆறு வருடம் கிடக்கிறது.

எனக்கும் இதே பதற்றம் இருந்தது. மகள் இயர் ஃபோர் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார வைத்து, ஆவியாதல் என்றால் என்ன, உறைதல் என்றால் என்ன என்று ஒப்பிக்க வைத்தேன். நான் பழங்காநத்தத்தில் படித்தது அப்படித்தானே. பேரன்ட்ஸ் ஈவினிங்கில் ஆசிரியை அவளுடைய நோட்டைக் காட்டினார். ஈரத் துணி எந்த இடத்தில் சீக்கிரம் காயும் என்று ஒரு சோதனை. ஆவியாதலுக்கு விளக்கம் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தாள். 'என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், ஏன்?' என்ற கட்டம் மட்டும் காலி. "தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறாள்" என்றார் ஆசிரியை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றோடு ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மூடினேன்.

அப்புறம் எங்களுக்கு வாத்தியாரானது இட்லி மாவு. மதுரையில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து நிற்கும். இங்கே ஜனவரியில் இரண்டு நாள் ஆனாலும் அசையாது. நான் புலம்பிக்கொண்டிருந்தபோது மகள்தான் கேட்டாள், குளிரினாலா, உப்பினாலா, உளுந்தினாலா என்று. ஒரே மாவை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டினோம். ஒன்று ஜன்னலோரம், ஒன்று பாய்லர் பக்கத்தில், ஒன்று விளக்கை மட்டும் போட்ட ஓவன் அடுப்புக்குள். ஜன்னலோரத்து டம்ளரில் மாவு கொஞ்சம் குறைந்துவிட்டதால் தண்ணீர் விட்டு நிரப்பப் போனேன். "அம்மா, அது ஃபேர் டெஸ்ட் இல்லை!" என்று கையைப் பிடித்துவிட்டாள். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது பள்ளியில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். ஓவனுக்குள் வைத்த டம்ளர்தான் ஜெயித்தது. மாவிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன, சூடு இருந்தால்தான் அவற்றுக்குச் சுறுசுறுப்பு என்பதையெல்லாம் அதற்கு அப்புறம் படித்துக்கொண்டோம்.

இதையெல்லாம் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலச் சொல் பள்ளியில் தானாக வந்து சேரும். மாவு புளிக்கிறது, பொங்குகிறது, நுரைக்கிறது. பால் திரிகிறது, உறைகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதி. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று யோசிப்பதிலேயே பிள்ளை உற்றுப் பார்க்கப் பழகிவிடும். 'எனக்குத் தெரியாது, பார்ப்போம்' என்றும் தயங்காமல் சொல்லுங்கள். நம் ஊர் அப்பாக்களுக்கு அதுதான் வாயில் வராது.

ட்யூஷன் வாத்தியாரைவிட உங்கள் அப்பாவுக்கும் மாமனாருக்கும் போன் போடச் சொல்கிறேன். என் அப்பா மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளி, எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. இங்கே வந்திருந்தபோது சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியத்துக்குக் கூட்டிப்போனோம். 1830இல் திறந்த பழைய ரயில் நிலையம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. பஞ்சு நூற்கும் பழைய இயந்திரங்களைப் பார்த்ததும் மனிதர் உயிர்பெற்றுவிட்டார். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எது, நூலாக முறுக்கும் ஸ்பின்னிங் எது என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர், "இந்த ஊரு ஈரக் காத்துதான் தாயி இவங்களுக்கு முதலு. காத்து காஞ்சா நூல் அறுந்துபோகும். நம்ம மில்லுல தண்ணியப் புகை மாதிரி அடிச்சுவிடுவோம்" என்றார். ஏன் அறுகிறது என்று அவள் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பருத்தி இழை ஈரத்தை உறிஞ்சினால் வலுவாகும், காய்ந்த காற்றில் உராயும்போது மின்னூட்டம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும் என்று வீட்டுக்கு வந்து தேடித் தெரிந்துகொண்டோம். ஹீட்டர் ஓடும் அறையில் ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசடவென்று பொரிகிறதே, அதே சமாச்சாரம்தான்.

அவர் ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் 30 செ.மீ. ஸ்கேலை நிறுத்தி உச்சிப்பொழுது நிழலை அளப்பது என்று இருவருக்கும் ஒப்பந்தம். மதுரையில் பன்னிரண்டேகால் வாக்கில் மொட்டை மாடியில் அளந்து, 20 செ.மீ. என்று அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நாங்கள் வெயிலுக்கு நான்கு நாள் காத்துக் கிடந்தோம் (மான்செஸ்டர் டிசம்பர், நீங்களே பார்ப்பீர்கள்). ஒருவழியாக அளந்தால் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டிப் போகிறது நிழல். "தாத்தா ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்துவிட்டார்" என்றாள் மகள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் தூக்குக்குண்டு கட்டி, ஸ்கேல் செங்குத்தாக நிற்பதைப் போட்டோ எடுத்து, மறுபடியும் 20 என்று அனுப்பினார். ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இரண்டு பல்குச்சியைக் குத்தி, மேஜை விளக்கின் முன்னால் பிடித்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உலக உருண்டை பிடிபட்டது. பழத்தின் நடுவுக்குப் பக்கத்தில் இருந்தது தாத்தா குச்சி, மேலே தள்ளி நின்றது நம் குச்சி.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லைப்ரரி கார்டு இலவசம், இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு மணி நேரம் தோட்டத்துப் பறவைகளை எண்ணி அனுப்பும் பிக் கார்டன் பேர்ட்வாட்ச் நடக்கும். தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் இதே மாதிரி பறவைக் கணக்கெடுப்பு உண்டு. ஊரில் அத்தை பையன், மாமா பையன் யாராவது கண்மாய்க் கரையில் எண்ணட்டும், இவன் இங்கே எண்ணட்டும், ஒப்பிட்டுக்கொள்ளட்டும். ஜோட்ரல் பேங்க் வானாய்வு மையத்தில் 1957இலிருந்து நிற்கும் 76 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியைக் கார் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரிய பெட்டியில் விற்கும் கெமிஸ்ட்ரி கிட்டை மட்டும் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள்தான் அதற்கு மவுசு.

இப்போது ஆகஸ்ட். சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டே நாள். ஒன்று சித்திரை பிறந்த கையோடு ஏப்ரல் 16 வாக்கில், இன்னொன்று ஆகஸ்ட் 27 வாக்கில். அந்த உச்சிப்பொழுதில் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. மான்செஸ்டரில் ஆயுசுக்கும் அது நடக்காது. ஏப்ரலில் ஈஸ்டர் லீவு சில வருடம் ஒத்துவரும், சில வருடம் வராது. ஆகஸ்ட் என்றால் நிச்சயம் லீவு, பள்ளி திறப்பது செப்டம்பரில்தான். அதனால் 27ஆம் தேதி ஊரில் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள், கடைசி வாரத்தில் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மேகம் மறைத்தால் முந்தின நாளோ மறுநாளோ பார்த்தாலும் நிழல் இருப்பதே தெரியாது. உங்கள் அப்பா வீட்டு மாடியில் நேர்ப்பக்கமுள்ள ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 12.19க்கு அவனையே பார்க்கச் சொல்லுங்கள். டம்ளரை மட்டும்தான் பார்க்க வேண்டும், சூரியனைப் பார்க்கக் கூடாது. தரை கொதிக்கும், செருப்புப் போட்டு அனுப்புங்கள்.