இலையெல்லாம் உதிர்ந்த திராட்சைக் கொடியில் மாவுப்பூச்சி திரும்ப வந்தது எப்படி?

வெளியிலிருந்து வரவில்லை, பெரும்பாலும் குளிர்காலம் முழுவதும் உங்கள் கொடியிலேயேதான் இருந்திருக்கும். இலை உதிர்ந்ததும் பூச்சியும் ஒழிந்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதன் முட்டைகளும் குஞ்சுகளும் தண்டின் தளர்ந்த பட்டைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது.

அடுத்த குளிரில், அடித்தண்டிலும் பழைய கிளைகள் பிரியும் இடத்திலும் உரிந்து தொங்கும் பட்டையை மட்டும் விரலால் நீக்கிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பொதி தெரிந்தால் ஊசிமுனையால் பிரித்து, உருப்பெருக்கியில் பாருங்கள். மஞ்சள் முட்டைகள் இருக்கும். எறும்பு வரிசை கண்ணில் பட்டால் அதைப் பின்தொடருங்கள். பூச்சி இருக்கும் இடத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

தண்டு சுத்தமாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். சில வகை மாவுப்பூச்சிகள் வேரிலும் தங்கும். இலைச்சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி என்றால் கதையே வேறு: அது சருகுக்குள் ஒளியும்.