கன்சீலர் போட்ட பிறகு கண் பை இன்னும் பெரிதாகத் தெரிகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 44 வயது. சில ஆண்டுகளாக இரண்டு கண்களுக்குக் கீழும் பை போல உப்பியிருக்கிறது. என் நிறத்தைவிட வெளிறிய கன்சீலரைத் தாராளமாகப் பூசி, மேலே பவுடரும் போடுகிறேன். ஆனால் பை மறையாமல் இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறது. மதியத்துக்குள் கோடு கோடாகப் பிளந்தும்விடுகிறது. மேக்கப்பால் இதை மறைக்கவே முடியாதா? தினமும் போடுவதால் கண்ணுக்குக் கெடுதல் உண்டா?

பதில்: ஓரளவுக்கு மறைக்கலாம். மேக்கப் நிறத்தைத்தான் மாற்றும், மேட்டை இறக்காது. மேலேயிருந்து வெளிச்சம் விழும்போது, பைக்குக் கீழே மூக்கோரத்திலிருந்து கன்னத்தை நோக்கிச் சரியும் பள்ளத்தில் நிழல் தங்குகிறது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த நிழல்தான். வெளிறிய நிறம் ஒரு பகுதியை முன்னே தள்ளிக் காட்டும். அதை நீங்கள் மேட்டின் மேல் பூசுவதால் மேடு இன்னும் எடுப்பாகிறது. அது போக வேண்டிய இடம் பள்ளம்.

முதலில் உங்கள் பை எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடியை நேராகப் பிடித்து, தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் மேலே உயர்த்துங்கள். மேடு அதிகமாகப் பிதுங்கினால் அது பெரும்பாலும் கொழுப்பு. கண் குழிக்குள் கொழுப்பை நிறுத்தி வைத்திருக்கும் மெல்லிய சவ்வு வயது ஏற ஏறத் தளர்வதால் அது முன்னே வருகிறது. எந்தக் கிரீமும் அதை உள்ளே தள்ளாது. காலையில் கூடுதலாகவும் மாலைக்குள் குறைந்தும் காணப்பட்டால் அது நீர்க்கோர்வை. அதற்கு இரவில் தலையைச் சற்று உயர்த்திப் படுப்பது, உப்பைக் குறைப்பது, மேக்கப்புக்கு முன் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 5 முதல் 10 நிமிடம் வைப்பது ஆகியவை உதவும். ஐஸ் கட்டியை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். அடிக்கடி அரிப்பெடுத்துக் கண்ணைக் கசக்குபவராக இருந்தால் ஒவ்வாமைக்குச் சிகிச்சை எடுங்கள். கசக்கும் வரை வீக்கமும் போகாது, கருமையும் போகாது.

சில வீக்கங்களை மேக்கப் போட்டு மூடவே கூடாது. திடீரென்று வந்த வீக்கம், கூடவே கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். கண் பிதுங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது தைராய்டு தொடர்பான கண் நோயாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சிவந்து வலித்து, காய்ச்சல் அடித்து, கண்ணை அசைத்தால் வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இனி பூசும் முறை. முகம் கழுவி, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைக் கண்ணுக்குக் கீழே மெல்லியதாகத் தடவி 5 நிமிடம் பொறுங்கள். அது உறிஞ்சப்படும் முன் கன்சீலர் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய் மடிப்புகளில் சேரும். முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். அதுவே பாதிக் கருமையை மூடிவிடும், கன்சீலர் குறைவாகத் தேவைப்படும்.

பள்ளத்தில் நிழலோடு கருமையும் இருந்தால் முதலில் கரெக்டர், அதாவது கருமையைச் சமன்செய்யும் நிறப்பூச்சு. மாநிறத்துக்குப் பீச் நிறம், கருநிறத்துக்கு ஆரஞ்சு. குண்டூசித் தலை அளவு போதும். இது இல்லாமல் வெளிறிய கன்சீலரை மட்டும் கருமையின் மேல் வைத்தால் சாம்பல் பூத்தது போலாகும். அடுத்து உங்கள் தோல் நிறத்துக்கு அரைப் படி, மிஞ்சினால் ஒரு படி வெளிறிய கன்சீலர். மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் கோட்டில் மட்டும் வரைந்து, மோதிர விரலால் ஒற்றுங்கள். இழுத்துத் தேய்க்காதீர்கள். மேட்டின் மேல் உங்கள் நிறத்திலேயே உள்ள, மினுமினுப்பு இல்லாத ஃபவுண்டேஷன் மட்டும் இருக்கட்டும். மினுமினுப்பு வெளிச்சத்தைப் பிடித்து மேட்டைக் காட்டிக்கொடுக்கும்.

பிளவு விழுவதற்குக் காரணம் அளவு. இமைத் தோல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான், நாள் முழுக்க சிமிட்டலில் மடிந்துகொண்டே இருக்கிறது. மேலே எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவும் மடிப்பில் போய்ச் சேரும். அதன் மேல் தாராளமாகப் பவுடர் போட்டால் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சி வெடிக்க வைக்கும். கன்சீலர் ஒற்றியதும் ஒரு நிமிடம் விட்டு, மேலே பார்த்தபடி மடிப்பில் திரண்டதை விரலால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு சிறிய தூரிகையைப் பவுடரில் தொட்டு, உதறி, அந்த மடிப்பில் மட்டும் வையுங்கள். மதியம் சரிசெய்யும்போதும் மேலே இன்னொரு அடுக்கு வேண்டாம்; ஒற்றி எடுத்துச் சமன் செய்தாலே போதும்.

'சில நிமிடங்களில் பை மறையும்' என்று விற்கும் ஜெல்களில் பலவற்றில் சிலிகேட் உப்புகள் இருக்கின்றன. அவை காய்ந்து மெல்லிய படலமாகி, தோலை இழுத்துப் பிடிக்கும். சில மணி நேரம் உண்மையிலேயே வேலை செய்யும், முகம் கழுவியதும் போய்விடும். சற்று அதிகமாகப் போட்டாலும், எண்ணெய்ப் பசையுள்ள கிரீமின் மேல் போட்டாலும் வெள்ளையாகத் திரியும். அடிக்கடி போட்டால் தோல் வறளும். விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு கிரீமையோ மூல நோய்க் களிம்பையோ கண்ணுக்குக் கீழே பூசாதீர்கள். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், நாள்பட்டால் கண் அழுத்தத்தையும் உயர்த்தலாம்.

தினமும் மேக்கப் போடுவதில் தவறில்லை. கழற்றும் விதத்தில்தான் பலருக்கும் கெடுகிறது. மேக்கப்பைக் கரைத்தெடுக்கும் மைசெல்லர் நீரில் பஞ்சை நனைத்து, மூடிய கண்ணின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு மெல்லத் துடையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மேக்கப்புக்கு முன் லென்ஸைப் போட்டு, மேக்கப்பைக் கலைப்பதற்கு முன் கழற்ற வேண்டும். இமை விளிம்பின் உட்பக்கத்தில் எதையும் பூசாதீர்கள், அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபடும். புதிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் தினம் இருமுறை வீதம் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு வாருங்கள். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் வாசனைப் பொருளோ, கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளோதான் காரணம்.

உங்கள் பை கொழுப்பாக இருந்து மேக்கப்பில் திருப்தி வரவில்லையென்றால், கீழ் இமை அறுவை சிகிச்சை பற்றிக் கண் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் பேசலாம். பள்ளத்தை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசியை அவசரப்பட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹயலுரானிக் அமில ஃபில்லர் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே நீர் கோக்கும் இடத்தில் போட்டால் வீக்கம் கூடலாம். அரிதாக ரத்தக்குழாயை அடைத்துப் பார்வையைப் பறிக்கும் அபாயமும் இருப்பதால், அழகு நிலையத்தில் அதற்கு ஒருபோதும் உட்காராதீர்கள்.