அன்றாடக் கத்தி எப்படி இருக்க வேண்டும்? கேள்வி பதில்

மடக்க முடியாத, கையால் செய்த கத்திகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: எந்த எஃகில் செய்த கத்தியை வாங்குவது?

பதில்: எஃகின் பெயரைவிட, அதற்குத் துவைச்சல், அதாவது காய்ச்சி முக்கித் தணித்துக் கடினமாக்கும் வேலை, எப்படிப் போட்டார்கள் என்பதையே முதலில் கேளுங்கள். 1084 என்ற எளிய கார்பன் எஃகைச் சுமார் 815 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கடினமாகும். ஆனால் அந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையக்கூடும் என்பதால், தாமதிக்காமல் ஏறத்தாழ 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை மீண்டும் சூடாக்கி வைத்துத் தணிக்க வேண்டும், அதாவது நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்த கத்தி, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை நிற்கும். விலை உயர்ந்த எஃகும் துவைச்சல் தவறினால் வீண்தான்.

கேள்வி: துவைச்சல் சரியா என்பதை வாங்குபவர் எப்படி அறிவது?

பதில்: செய்தவரிடம் பித்தளைக் கம்பிச் சோதனையைக் காட்டச் சொல்லுங்கள். கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, கம்பியின் மீது சாய்த்து வைத்து மெல்ல அழுத்தினால், வாய் ஓரிடத்தில் லேசாகப் புடைத்து வளைவது வெளிச்சத்தில் தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் அது நேராகிவிட்டால் நல்லது. வளைந்தே நின்றால் எஃகு மென்மையாக இருக்கிறது, சில்லு பெயர்ந்தால் தணித்தது போதவில்லை. முனைப் பக்கம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாணை பிடிக்கும்போது மெல்லிய முனைதான் முதலில் சூடேறும். ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டு நீலமான கார்பன் எஃகு தன் கடினத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும், நீலத்தைத் தேய்த்து நீக்கினாலும் அது திரும்பாது.

கேள்வி: முதுகு 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கத்தி உறுதியானதுதானே?

பதில்: உறுதியானதுதான், ஆனால் நன்றாக வெட்டாது. அன்றாட வேலைக்கு 3 மில்லிமீட்டர் முதுகு தாராளமாகப் போதும். வெட்டும் திறனைத் தீர்மானிப்பது வாய்க்குச் சற்று மேலே உள்ள தடிமன். அது அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் கத்தி பொருளுக்குள் எளிதாக இறங்கும், ஒரு மில்லிமீட்டரை எட்டினால் எவ்வளவு தீட்டினாலும் வெட்டாமல் பிளக்கவே பார்க்கும். கையால் செய்த கத்திகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான், மிக வருத்தம் தரும் குறையும் இதுதான்.

கேள்வி: பிடியில் எதைக் கவனிப்பது?

பதில்: கத்தியை இறுகப் பிடித்து, கட்டை ஒன்றைப் பத்து நிமிடம் தொடர்ந்து சீவிப் பாருங்கள். உள்ளங்கையில் எங்கேனும் சிவந்திருந்தால் அந்த இடத்தில் பிடியின் விளிம்பு உருட்டப்படவில்லை. பிடிக்குள் செல்லும் காம்பு அலகைச் சந்திக்கும் மூலையையும் விசாரியுங்கள். அது கூர்மையான செங்கோணமாக இருந்தால் அழுத்தம் முழுவதும் அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். அரத்தால் வளைவாகத் தேய்த்துவிடுவது சிறிய வேலைதான், அதையும் சிலர் செய்யாமல் விடுகிறார்கள்.

கேள்வி: டமாஸ்கஸ் வரிகள் (வெவ்வேறு எஃகுகளை அடுக்கி இணைத்ததால் தெரியும் கோலம்) உள்ள கத்தி மேலும் நன்றாக வெட்டுமா?

பதில்: வரிகள் அழகுக்கு மட்டுமே.

கேள்வி: தோல் உறையில் வைத்த கத்தி துருப்பிடிக்கிறது. எஃகு மட்டமானதா?

பதில்: இல்லை. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெளியே செல்லும்போது மட்டும் உறையில் போடுங்கள். மற்ற நேரங்களில் துடைத்து, எண்ணெய் மெலிதாகத் தடவி, உறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வையுங்கள்.